லீஸில் கையெழுத்துப் போடும் முன் ஆஸ்பெஸ்டாஸைப் பாருங்கள்

பிரிட்டனில் நம்மவர்கள் பலர் பூட்டிக் கிடக்கும் பழைய ஃபாக்டரிகளை மலிவாகப் பிடித்து மளிகைக் கிடங்காகவோ கல்யாண மண்டபமாகவோ மாற்றுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கட்டடம் 2000-க்கு முந்தையது என்றால் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் (தூளாகி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார்) இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அதை முழுதாகத் தடை செய்ததே 1999-இல்தான்.

சட்டத்தின் பெயர் ஆஸ்பெஸ்டாஸ் கட்டுப்பாட்டு விதிகள், 2012. அதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது 4-ஆவது விதி. வீடு அல்லாத கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸைக் கவனிக்கும் கடமை, பராமரிப்பையும் பழுதுபார்ப்பையும் ஒப்பந்தப்படி ஏற்றுக்கொண்டவருக்கு. அப்படி ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோதுதான் கட்டடத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் போகும். "பழுதுபார்ப்பு முழுவதும் குத்தகைதாரர் செலவு" என்ற வரி உங்கள் லீஸில் இருக்கிறதா? அப்படியானால் கையெழுத்துப் போட்ட அன்றே, நீங்கள் பிறக்கும் முன் பாய்லர் குழாயில் யாரோ சுற்றிய உறைக்கும் நீங்கள்தான் பொறுப்பு. கட்டடம் காலியாகக் கிடந்தது என்பதெல்லாம் சாக்கு ஆகாது.

மிட்லேண்ட்ஸ் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் மாட்டினார். "சர்வே எல்லாம் எடுத்தாச்சு" என்று உரிமையாளர் ஒரு ஃபைலைக் கொடுத்தார். அது மேனேஜ்மென்ட் சர்வே. அன்றாடப் புழக்கத்துக்கு அது போதும்; சுவரைத் திறந்து, கூரைக்குள் நுழைந்தெல்லாம் பார்க்க மாட்டார்கள். இடிக்கவோ பிரித்து மாற்றவோ போகிறீர்கள் என்றால் ரிஃபர்பிஷ்மென்ட் அண்ட் டெமாலிஷன் சர்வே வேண்டும். இந்தப் பெயர் அட்டையில் இல்லாத ஃபைலை நம்பிச் சுத்தியலைத் தூக்காதீர்கள். அவருடைய ஆட்கள் பாதித் தடுப்பை உடைத்த பிறகுதான் அது பிளாஸ்டர்போர்டு இல்லை, ஆஸ்பெஸ்டாஸ் கலந்த வெப்பத்தடுப்புப் பலகை, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் இன்சுலேட்டிங் போர்டு என்று தெரிந்தது. யாரிடம் சொல்வது? ஒரு அலுவலகம் கவுன்சிலைக் கேள் என்றது, கவுன்சில் அவர்களையே கேள் என்றது. இரண்டு வாரம் போனது. வாடகை மட்டும் நிற்காமல் ஓடியது.

கூரையின் சிமென்ட் ஷீட்டைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உடையாமல் இருந்தால், இருப்பதில் அதில்தான் ஆபத்து குறைவு (ஏறி நின்றால் உடைந்து கீழே விழுவீர்கள், அது வேறு கதை). அந்த இன்சுலேட்டிங் போர்டு, குழாய் உறை, தெளித்த பூச்சு இவற்றைத் தொடப் பெரும்பாலும் எச்எஸ்இ (வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு) உரிமம் பெற்ற நிறுவனம்தான் வர வேண்டும். அவர்கள் வேலை தொடங்க 14 நாள் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். "நாளைக்கே வந்து எடுத்துடறேன்" என்பவரை அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்ததும் நான்கு கட்டப் பரிசோதனை செய்து சான்றிதழ் தரும் அனலிஸ்ட்டை நீங்களே அமர்த்துங்கள். அகற்றியவரே கூட்டி வரும் ஆளிடம் கறார் எதிர்பார்க்க முடியாது.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. லேண்ட் ரெமிடியேஷன் ரிலீஃப், அதாவது மாசுபட்ட இடத்தைச் சுத்தம் செய்யும் செலவுக்கான வரிச்சலுகை. 40,000 பவுண்டு செலவழித்தால் வரிக்கணக்கில் 150 சதவீதம், அதாவது 60,000 கழித்துக்கொள்ளலாம். நஷ்டத்தில் ஓடும் கம்பெனி, அந்த நஷ்டத்தை விட்டுக்கொடுத்து அதில் 16 சதவீதம் பணமாகவே வாங்கலாம். கேட்க இனிக்கிறது. வாங்கியவர்கள் குறைவு, ஏனென்றால் இது கம்பெனி வரிக்கு மட்டும். தனிநபர் வியாபாரிக்குக் கிடையாது. கட்டடத்தை கம்பெனியே சொந்தமாகவோ, குறைந்தது 7 வருட லீஸிலோ எடுத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் கட்டடம் அண்ணன் பெயரில் இருக்கும், கடை கம்பெனி பெயரில் இருக்கும், அகற்றும் செலவை கம்பெனி கட்டும். போச்சு. 5 வருட லீஸா? அதுவும் போச்சு. வாங்கும்போதே ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது என்று காட்டவும் வேண்டும். அதனால் சர்வே தேதி முக்கியம்.

பில்லிலும் கவனம். "இடிப்பு, சுத்தம், எல்லாம் சேர்த்து" என்று ஒரே தொகை போட்டால் எது ஆஸ்பெஸ்டாஸுக்கு என்று பிரித்துக் காட்ட முடியாது. தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். மூலதனச் செலவு என்றால், செலவான கணக்காண்டு முடிந்து 2 வருடத்துக்குள் இந்தச் சலுகை வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் அக்கவுண்டன்ட் தானாகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே கேளுங்கள்.

அப்புறம் குப்பை. வியாபாரக் கட்டடத்து ஆஸ்பெஸ்டாஸை வேனில் ஏற்றி வீட்டுக் குப்பை எடுக்கும் கவுன்சில் மையத்துக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். மலிவாக எடுத்துப்போனவர் வயலோரம் கொட்டினால் விசாரணை உங்களிடமும் வரும். பதிவு பெற்ற வண்டிக்காரரிடம் மட்டும் கொடுங்கள், கன்சைன்மென்ட் நோட்டை (ஆபத்தான கழிவு யாரிடம் போனது என்று காட்டும் சீட்டு) 3 வருடம் பத்திரமாக வையுங்கள்.