வயல் மண்ணின் கிருமியும் நமது கலங்களின் அக்டினும்

மட்டக்களப்பின் படுவான்கரையில் பெரும்போக மழை இறங்கியபின் விடாத காய்ச்சலோடும் இருமலோடும் வைத்தியசாலை விடுதிக்கு வரும் விவசாயிகளுள் சலரோகம் உள்ளவர்களைப் பார்க்கும்போது, எலிக்காய்ச்சல், டெங்கு, கசம் ஆகியவற்றோடு மெலியோய்டோசிஸ் என்ற நோயையும் நான் மனதில் வைத்தே பரிசோதிக்கிறேன். இலங்கையில் 1927ஆம் ஆண்டிலேயே அறியப்பட்ட இந்நோயின் பெயரைக்கூட எங்கள் வயல்வட்டைகளில் பலர் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

இதற்குக் காரணமான பேர்கோல்டீரியா சூடோமல்லை என்ற பற்றீரியா ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. பாதவெடிப்பு வழியாகவும், மூச்சோடும், கொதிக்கவைக்காத நீரோடும் அது உடலுக்குள் புகும். புகுந்தபின் அது செய்வதை அறிந்தால்தான் சிகிச்சை ஏன் இவ்வளவு நீளுகிறது என்பது விளங்கும்.

நமது ஒவ்வொரு கலத்துக்குள்ளும் அக்டின் என்ற புரதம் ஏறத்தாழ 7 நனோமீற்றர் தடிப்புள்ள இழைகளாகக் கோக்கப்பட்டும் கழன்றும் கொண்டிருக்கிறது. வெண்குருதிக் கலம் கிருமியைத் தேடி ஊர்வது இதனாலேயே: முன்விளிம்பில் இழைகள் வளர்ந்து கலமென்சவ்வை உந்த, கலம் முன்னே நகர்கிறது, கிருமியை வளைத்து விழுங்குவதற்கும் அதே அக்டின்தான் வேண்டும். சீனி கட்டுப்படாத உடலில் இந்தக் கலங்களின் நகர்வும் விழுங்கும் திறனும் தளர்ந்துவிடுகின்றன; சலரோகம் இந்நோய்க்கு முதன்மையான ஆபத்துக் காரணியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விழுங்கப்பட்ட பற்றீரியாவோ, தன்னைச் சூழ்ந்த பையை உடைத்துக் கலத்தின் உள்ளே நிறைந்திருக்கும் குழியவுருவுக்குள் வந்து, தனது உடலின் ஒரு முனையில் பிம்-ஏ என்ற புரதத்தை நிறுத்தி, அங்கே நமது அக்டினை இழையிழையாகக் கோக்கவைக்கிறது. வளரும் இழைகள், வால்வெள்ளியின் வால்போலப் பின்னே நீண்டு, அதை முன்னே தள்ளுகின்றன. கலத்தின் ஓரத்தை அடைந்ததும் மென்சவ்வைப் பிதுக்கிக்கொண்டு அது அடுத்த கலத்தை எட்டுகிறது. அதோடு நில்லாமல், அருகருகே உள்ள கலங்களை ஒன்றோடொன்று இணைத்துப் பல கருக்கள் கொண்ட பெருங்கலமாகவும் மாற்றிவிடுகிறது. இவ்வாறு பரவும் கிருமி குருதியில் திரியும் பிறபொருளெதிரிகளுக்கு முகங்கொடுக்க வேண்டியதில்லை. லிஸ்டீரியா என்ற பற்றீரியாவும் வயிற்றுளைவு தரும் சிகெல்லாவும் அக்டினால் தள்ளப்பட்டு நகரும் இதே வழியைத்தான் கையாளுகின்றன, அதற்கான புரதங்கள் வேறு.

நுரையீரலிலும் ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் தோன்றலாம். நெஞ்சு எக்ஸ்ரேயில் கசம் போலவே தெரியலாம். ஆகவே குருதி, சீழ் ஆகியவற்றின் வளர்ப்புப் பரிசோதனை அவசியம். வயல்வேலை செய்பவர் என்பதையும் சலரோகம் உள்ளது என்பதையும் வைத்தியரிடம் தாமாகவே சொல்லிவிடுங்கள்; அந்த இரண்டு செய்திகள் ஆய்வுகூடத்தையே சரியான திசையில் திருப்பும். சேற்றில் இறங்கும்போது இறப்பர் சப்பாத்து அணிவதும், காலில் புண் இருந்தால் அது ஆறும்வரை வேலையைத் தள்ளிவைப்பதும் சலரோகக்காரருக்குக் கட்டாயம் என்றே நான் சொல்வேன்.

சிகிச்சை இரு கட்டங்களாக நடக்கும்: குறைந்தது 10 முதல் 14 நாட்களுக்கு செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி, பின்னர் குறைந்தது 3 மாதங்களுக்குக் கோ-ட்ரைமொக்சசோல் குளிசை. காய்ச்சல் விட்டதும் குளிசையை நிறுத்துபவர்களுக்குக் கலங்களுக்குள் எஞ்சிய கிருமியால் நோய் மீண்டும் வரக்கூடும், அது உயிராபத்தாகவும் முடியக்கூடும். குளிசையால் தோலில் தடிப்பு ஏற்பட்டால் வீட்டிலேயே இருந்துவிடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்கு வாருங்கள். மாற்று மருந்து இருக்கிறது.