காரின் மூச்சுக்காற்றுக்கு ஒரு தகட்டுச் சுவர்

சித்திரை வெயிலில் அரை மணி நேரம் நெரிசலில் ஊர்ந்த காரின் பானெட்டைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும். கம்பெனியில் வந்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு வெறும் கோன் ஃபில்டரை (மூடியில்லாத கூம்பு வடிவ ஃபில்டர்) மாட்டிய வண்டி, அந்த அனலைத்தான் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. சத்தம் கம்பீரமாக இருக்கும். மத்தியானத்தில் பிக்கப் படுத்துவிடும். இதற்கு வீட்டிலேயே ஓர் அலுமினியத் தகட்டை வளைத்துத் தடுப்பு செய்துகொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். ஆனால் அந்தத் தகடு எந்தச் சூட்டைத் தடுக்கிறது என்று புரியாமல் செய்தால் பளபளப்பு மட்டும்தான் மிஞ்சும்.

முதலில் காற்றின் எடையைப் பார்ப்போம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.16 கிலோ இருக்கும். 60 டிகிரிக்குச் சூடானால் அதே இடத்தில் 1.06 கிலோதான் கொள்ளும். சிலிண்டர் ஒவ்வொரு முறையும் இழுப்பது ஒரே கொள்ளளவு. அதற்குள் வரும் ஆக்சிஜனோ 9 சதவீதம் குறைந்துவிடுகிறது. சக்தி அந்த அளவுக்கே குறையாது. குளிர்ந்த காற்றும் சிலிண்டருக்குப் போகும் வழியில் சூடேறத்தான் செய்கிறது. ஆனால் பெட்ரோல் என்ஜினுக்கு இன்னோர் அடியும் விழுகிறது. சூடான கலவை அழுத்தப்படும்போது, ஸ்பார்க் பிளக்கிலிருந்து சுடர் வந்து சேரும் முன்பே ஓரத்தில் இருப்பது தானாகப் பற்றிக்கொள்ளும். நாக்கிங் என்பது இதுதான். அதைத் தவிர்க்க, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ பற்றவைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. அதனாலும் இழுவை குறைகிறது.

சரி, சூடு ஃபில்டருக்கு எப்படி வருகிறது? ஒரு வழி கதிர்வீச்சு. 1879இல் யோசெஃப் ஸ்டெஃபான் கண்ட விதிப்படி, அது வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. வெப்பநிலையைக் கெல்வினில் (செல்சியஸோடு 273 கூட்டி) கணக்கிட வேண்டும். 100 டிகிரி செல்சியஸில் உள்ள கறுப்புப் பரப்பு, சதுர மீட்டருக்கு 1.1 கிலோவாட் வீசும். உச்சி வெயில் தரையில் கொட்டுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தப் பரப்பு 400 டிகிரிக்கு ஏறினால் 11 கிலோவாட்டைத் தாண்டிவிடும். என்ஜினிலிருந்து புகை வெளியேறும், துருப்பிடித்துக் கறுத்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் கிட்டத்தட்ட அப்படித்தான் வீசுகிறது.

இதற்குப் பளபளப்பான உலோகம்தான் மருந்து. 1990களில் வந்த மெக்லாரன் எஃப்1 காரின் என்ஜின் அறையில் தங்கத் தாளே ஒட்டினார்கள். அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்புவதில் தங்கம் அவ்வளவு கெட்டி. நமக்கு அலுமினியம் போதும். சுத்தமான பரப்பு 90 சதவீதத்துக்கு மேல் திருப்பிவிடும். ஆனால் அனோடைஸ் செய்த (மின்வேதி முறையில் ஆக்சைடு படலம் ஏற்றிய) தகட்டை வாங்காதீர்கள். கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தாலும், மேலே இருக்கும் ஆக்சைடு படலம் அகச்சிவப்புக் கதிரை நன்றாக விழுங்கும். வார்னிஷ் அடித்தாலும் இதே கதிதான்.

இவ்வளவு சொன்னாலும், பளபளப்பு பாதி வேலைதான் செய்கிறது. கதிர்வீச்சு காற்றை நேராகச் சூடாக்குவது மிகக் குறைவு; ஃபில்டர், குழாய் போன்ற திடப்பொருள்களைத்தான் சூடாக்குகிறது. காற்றோ அவற்றைத் தாண்டி ஓடிவிடுகிறது. 1.5 லிட்டர் என்ஜின் 3000 ஆர்பிஎம்மில் ஆக்சிலேட்டர் முழுக்க மிதிபட்டால் நொடிக்குச் சுமார் 37 லிட்டர் காற்றை இழுக்கும். 65 மில்லிமீட்டர் குழாயில் அது நொடிக்கு 11 மீட்டர் வேகம். அரை மீட்டர் நீளத்தை நொடியின் இருபதில் ஒரு பங்கில் கடந்துவிடும். அதற்குள் குழாய்ச் சுவரிடமிருந்து எவ்வளவு சூடு வாங்கிவிட முடியும்? சூடு வரும் இன்னொரு வழிதான் முக்கியம்: ரேடியேட்டரைத் தாண்டி வரும் வெந்த காற்று ஏற்கெனவே சூடானது. ஃபில்டர் அதை அப்படியே குடிக்கிறது. ஆகவே தகடு முதலில் ஒரு சுவராக நிற்க வேண்டும், அப்புறம்தான் கண்ணாடி.

சுவர் என்றால் இடுக்கு இருக்கக் கூடாது. பழைய அட்டைப்பெட்டியை வெட்டி அச்சு எடுங்கள். பானெட் மூடும்போது தகட்டின் மேல் விளிம்பு அதைத் தொட வேண்டும். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி விளிம்பில் வைத்து, பானெட்டை மெல்ல மூடித் திறந்தால், நசுங்கிய கனம்தான் இடைவெளி. அதைவிடச் சற்றே பெரிய ரப்பர் பீடிங் போட்டால் அடைபட்டுவிடும். ஒரு மில்லிமீட்டர் தகடு போதும். அலுமினியம் வெப்பத்தை வேகமாகக் கடத்தும் உலோகம் என்பதால் என்ஜினில் நேராக போல்ட் போடாதீர்கள், தகடே தோசைக்கல் ஆகிவிடும். பாடியில், ரப்பர் வாஷர் வைத்துப் பொருத்துங்கள். பேட்டரி முனை, ஃபேன், பெல்ட் எதையும் தகடு தொடக் கூடாது. கண்ணாடி இழைப் பஞ்சை ஃபில்டர் பக்கம் ஒட்டவே வேண்டாம். உதிரும் துகள் ஃபில்டரில் போய் அடையும்.

சுவர் கட்டியாயிற்று, ஆனால் ஃபில்டருக்கு வெளிக்காற்று வர வழி வேண்டுமே. ஹெட்லைட் பின்புறத்திலிருந்து ஒரு குழாய் விடுவது நல்லது. பம்பருக்குக் கீழே இறக்கினால் மழைத் தண்ணீரை உறிஞ்சிவிடும். தண்ணீர் அழுத்தத்துக்கு அடங்காது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்து என்ஜினே போய்விடும்.

கம்பெனிப் பெட்டி அப்படியே இருக்கும் கார்களுக்கு இந்த வேலை தேவையில்லை என்பது என் கருத்து. பெரும்பாலான கார்களில் அதன் வாய் முன்பக்கமாக, குளிர்ந்த காற்றைப் பார்த்தபடியே இருக்கிறது. மைலேஜ் கூடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். நிதானமாக ஓட்டும்போது காற்று லேசானால், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து ஈடுகட்டிக்கொள்ளும். தகட்டின் பலன் காலை அழுத்தி மிதிக்கும்போதுதான்.

பலன் உண்டா என்று பார்க்க, காரின் கோளாறுகளைப் படிக்க உள்ள ஓபிடி போர்ட்டில் செருகும் சிறு கருவியும் கைபேசியும் போதும். உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையை அது காட்டும். தகடு போடும் முன்பும் பின்பும் அதே சாலையில், அதே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். சிக்னலில் நிற்கும்போது இரண்டு தடவையும் எண் ஏறத்தான் செய்யும்: ஐட்லிங்கில் காற்று நகர்வதே மெதுவாக, வண்டியைச் சுற்றி நிற்பதும் சூடான காற்று. பச்சை விழுந்து வண்டி கிளம்பியதும் அந்த எண் எத்தனை நொடியில் இறங்குகிறது என்று எண்ணுங்கள்.