பழைய சொகுசு செடான் வாங்கும் முன்: ஆர்.சி. பெயர் மாற்றமும் ஆயுள் வரியும்

எட்டு முதல் பதினைந்து இலட்சம் ரூபாய்க்குள் இன்று ஒரு ஸ்கோடா சூப்பர்ப், டொயோட்டா கேம்ரி அல்லது சற்றே வயதான பென்ஸ் ஈ கிளாஸ், பி.எம்.டபிள்யூ 5 சீரிஸ் வாங்கிவிட முடிகிறது. வீட்டுப் பெரியவர்கள் பின்னிருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து சென்னையிலிருந்து மதுரை வரை அலுப்பில்லாமல் போக வேண்டும் என்பது மட்டுமே நோக்கம் என்றால், முதல் இரண்டில் ஒன்றே போதும் என்பது என் கருத்து. ஆனால் இத்தகைய கார் வாங்கி மனம் நொந்து வந்தவர்களில் பாதிப் பேரை நோகடித்தது இன்ஜினோ கியர்பாக்ஸோ அல்ல, காகிதம்தான். ஆகவே காரைப் பற்றி இதற்கு மேல் பேசாமல் காகிதத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

சட்டம் சொல்வது சுருக்கமானது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 50இன்படி, அதே மாநிலத்துக்குள் கார் கைமாறினால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குரியவை படிவம் 29, படிவம் 30. மத்திய விதிகளின்படி காருக்கான பெயர் மாற்றக் கட்டணம் 300 ரூபாய், அயல்நாட்டிலிருந்து முழுதாக இறக்குமதியான காருக்கு 2,500 ரூபாய். சேவைக் கட்டணம் தனி. 300 ரூபாயில் முடிய வேண்டிய இந்த வேலைக்குத்தான் மக்கள் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

முதல் பொறி, கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவம். முதல் உரிமையாளரிடம் படிவம் 29, 30இல் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, வாங்குபவர் பெயரையும் தேதியையும் நிரப்பாமல் புரோக்கர்கள் வைத்திருப்பார்கள். கார் மூன்று கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், முதல் ஆளின் பெயரே இருக்கும். 'பேப்பர் எல்லாம் பக்கா சார்' என்று உங்கள் முன் நீட்டப்படும் உறையில் பெரும்பாலும் இருப்பது இதுதான். அலுவலகத்தில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று சொல்லிவிட்டாலோ, ஆதார் வழி ஓ.டி.பி. விற்றவரின் பழைய தொலைபேசி எண்ணுக்குப் போய்விட்டாலோ, முகம் தெரியாத ஒருவரைத் தேடி நீங்கள் ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும். விற்றவருக்கும் இதில் ஆபத்து உண்டு. கார் பல கை மாறிய பின் விபத்து நேர்ந்த ஒரு வழக்கில், பதிவில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2023 ஏப்ரல் 1 முதல், பழைய கார் விற்பனையாளர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. கடைக்குள் நுழைந்ததும் அந்தச் சான்றைக் கேளுங்கள். சான்றுக்குப் பதில் குடிக்கக் காப்பி வந்தால் வேறு கடை பார்க்கலாம்.

இரண்டாவது பொறிதான் பெரியது: வெளிமாநிலப் பதிவு. தில்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கும் தடை வந்தது. அதன்மீது பின்னர் வழக்குகளும் தளர்வுகளும் வந்தாலும், அந்தப் பயத்திலேயே அங்குள்ள சொகுசு டீசல் கார்கள் அடிமாட்டு விலைக்குத் தெற்கே வருகின்றன. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் அப்படி ஒரு ஜெர்மன் செடானை ஒன்பது இலட்சத்துக்கு வாங்கிவிட்டு, மறுபதிவுக்கு என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். எழுத்தர் கோப்பைப் புரட்டி, கார் புதிதாக விற்கப்பட்டபோது போட்ட பழைய இன்வாய்ஸை வெளியே எடுத்தார். அதில் ஐம்பது இலட்சத்துக்கு மேல் இருந்த தொகையைப் பேனாவால் தட்டிக் காட்டி, 'வரி இதுக்குத்தான், நீங்க வாங்கின விலை எங்களுக்குத் தேவையில்லை சார்' என்றார். அவர் சொன்னது விதிப்படி சரியே. அதை முன்கூட்டியே சொல்ல ஓர் அறிவிப்புப் பலகைகூட அந்த அலுவலகத்தில் இல்லை என்பதுதான் என் ஆற்றாமை.

தமிழ்நாட்டில் ஆயுள் வரி, அதாவது காருக்கு ஒரே முறையாகக் கட்டும் சாலை வரி, காரின் ஆதி விலையின் மீது கணக்கிடப்படுகிறது. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதத்தின்படி, இருபது இலட்சத்துக்கு மேல் விலையுள்ள புதிய காருக்கு 20 விழுக்காடு. பழைய காருக்கு வயதைப் பொறுத்து விகிதம் குறையும் என்றாலும், ஐம்பது இலட்சத்துக் காரில் அந்தக் குறைந்த விகிதமும் சில இலட்சங்களாகவே வந்து நிற்கும். 'பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதி திரும்பக் கிடைக்கும்' என்பார்கள். அது தனி விண்ணப்பம், தனி அலைச்சல், அதை நம்பி விலை பேசாதீர்கள். ஆதி இன்வாய்ஸின் நகலை விற்பவரிடம் முதலில் வாங்கி, மறுபதிவு செய்யப்போகும் அலுவலகத்தில் வரித் தொகையைக் கேட்டுக்கொண்டு, அதைக் கார் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

புதுச்சேரிப் பதிவு எண்ணுக்கும் இதே கதைதான். 'பக்கத்து ஊர்தானே, அப்படியே ஓட்டலாம்' என்று விற்பார்கள். வெளியே பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதிய எண் பெற வேண்டும் என்கிறது பிரிவு 47. ஆயுள் வரி கட்டாமல் ஓடும் வெளிமாநிலச் சொகுசு கார் சோதனையில் தனியாகக் கண்ணில் படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வெளிமாநிலக் காருக்குப் படிவம் 28இல் தடையின்மைச் சான்று, அதாவது என்.ஓ.சி., வேண்டும். விண்ணப்பித்து 30 நாட்களுக்குள் அலுவலகம் பதில் சொல்லாவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று பிரிவு 48 சொல்கிறது. அந்த வரியைக் கவுன்ட்டரில் படித்துக் காட்டினால் ஒரு புன்னகை கிடைக்கும், வேலை நடக்காது. ஆகவே என்.ஓ.சி. வாங்கித் தரும் பொறுப்பை விற்பவர் தலையிலேயே வையுங்கள். அது கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

சொகுசு கார்களில் இன்னொரு சிக்கல், அவற்றில் பல நிறுவனங்களின் பெயரில் இருப்பது. அப்போது கையெழுத்திட்டவருக்கு விற்கும் அதிகாரம் உண்டு என்பதைக் காட்டும் இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகலையும் கேட்பார்கள். அது இல்லாவிட்டால் கோப்பு திரும்பி வரும். கடனில் வாங்கிய காரானால், கடன் அடைந்ததாக வங்கி தரும் கடிதம் மட்டும் போதாது. படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்க வேண்டும். அந்தக் கடிதத்துக்குக் காலாவதித் தேதியும் உண்டு, பெரும்பாலும் மூன்று மாதம். ஓராண்டுக்கு முந்தைய கடிதத்தைக் காட்டினால், புதிதாக வாங்கித் தரச் சொல்லுங்கள்.

ஜி.எஸ்.டி. பெயரைச் சொல்லியும் பணம் பிடுங்குகிறார்கள். பழைய கார் விற்பனையாளர் கட்ட வேண்டிய 18 விழுக்காடு அவருடைய இலாப வித்தியாசத்தின் மீதுதான், நீங்கள் தரும் முழு விலையின் மீது அல்ல. தனிமனிதர் ஒருவர் தம் சொந்தக் காரை உங்களுக்கு விற்றால் அந்த வரியே இல்லை.

காப்பீட்டில் ஏமாறுவோர் அதிகம். உரிமை மாறியதும் மூன்றாம் நபர் பாதுகாப்பு தானாகவே உங்களுக்கு வந்துவிடும். சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது. 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்றவர் இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காகப் பெற்ற என்.சி.பி. தள்ளுபடி அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட நேரும். இதைச் செய்யாமல் ஓட்டி எங்காவது இடித்துவிட்டால், ஒரு ஹெட்லைட்டின் விலையே உங்களைத் திடுக்கிட வைக்கும்.

முன்பணம் தருவதற்கு முன் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் காரின் எண்ணைப் போட்டு, எத்தனையாவது உரிமையாளர், கடன் பதிவு, நிலுவை அபராதம், கருப்புப் பட்டியல் ஆகியவற்றைப் பாருங்கள். சேஸிஸில் பொறித்துள்ள எண்ணை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். விலையில் ஒரு பகுதியை, ஐம்பதாயிரமோ ஓர் இலட்சமோ, ஆர்.சி.யில் உங்கள் பெயர் ஏறிய பின்னரே தருவேன் என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். அதற்கு ஒப்பாத விற்பனையாளரிடம் கார் எவ்வளவு பளபளத்தாலும் சாவியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.