பரிசுப் பைனாகுலரில் பொறித்த எழுத்துகளும் முதல் உரிமையாளரைத் தேடும் வழியும்

பழைய கப்பல் கருவிகளைப் பழுதுபார்க்கும் என் மேசைக்கு அண்மையில் ஒரு பித்தளைப் பைனாகுலர் வந்தது. விற்பதற்கு முன் அழகாக இருக்கட்டும் என்று எண்ணிய உரிமையாளர், பளபளப்பூட்டும் பசையைப் போட்டு அதைப் பலமுறை தேய்த்திருந்தார். கருவி மின்னியது, ஆனால் குழாயின்மேல் பொறித்திருந்த ஐந்து வரிகளில் இரண்டு ஏறக்குறைய மறைந்துவிட்டன. கப்பலின் பெயரும் ஆண்டும் அந்த இரண்டு வரிகளில்தான் இருந்தன. தயவுசெய்து அந்த எழுத்துகளைத் தேய்க்காதீர்கள். ஒரு மனிதர் கடலில் செய்த பேருதவிக்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்றாக அவை இருக்கக்கூடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், தங்கள் நாட்டுக் கப்பல் உடைந்து தத்தளித்த மாலுமிகளைக் காப்பாற்றிய வேற்றுநாட்டுக் கப்பல் தலைவர்களுக்கு அரசுகள் பைனாகுலர், தொலைநோக்கி, கடலில் இருக்குமிடம் அறியக் கோணம் அளக்கும் செக்ஸ்டண்ட், தங்கக் கடிகாரம் போன்றவற்றைப் பரிசளித்தன. பிரிட்டனில் இதைப் போர்டு ஆஃப் டிரேட் என்ற வணிக வாரியம் கவனித்தது. அமெரிக்காவில் குடியரசுத் தலைவரின் பெயரால் பரிசு வழங்கப்பட்டது. பிரிட்டிஷ் அரசிடமிருந்து, இன்ன கப்பலின் தலைவர் இன்னாருக்கு, உடைந்துபோன இன்ன கப்பலின் மாலுமிகளிடம் காட்டிய மனிதநேயத்துக்காக என்ற பொருளில் வாசகம் அமைந்திருக்கும்.

இந்த வாசகத்தில் இரண்டு கப்பல்கள் இருப்பதைக் கவனியுங்கள்: மீட்ட கப்பல், மூழ்கிய கப்பல். தேடுபவர்கள் பெரும்பாலும் பரிசு பெற்றவரின் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். பிரிட்டிஷ் அரசு கொடுத்ததால் அவரும் பிரிட்டிஷ்காரராகத்தான் இருப்பார் என்று எண்ணி, லண்டன் ஆவணங்களில் மாதக்கணக்கில் துழாவிச் சோர்ந்துபோகிறார்கள். உண்மையில் அவர் நார்வேக்காரராகவோ ஜெர்மானியராகவோ அமெரிக்கராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். பரிசளித்த நாட்டைச் சேர்ந்தது மூழ்கிய கப்பல்தான். அந்த நாட்டின் பதிவேடுகளில் அதைப் பற்றிய தடயம் இருந்தே தீரும். ஆகவே முதலில் மூழ்கிய கப்பலைத் தேடுங்கள், மனிதர் பிறகு கிடைப்பார்.

1854ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரப்பூர்வ எண் வழங்கப்பட்டது; பெயர் மாறினாலும் உரிமையாளர் மாறினாலும் அந்த எண் மாறாது. ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடிய காலம் அது என்பதால், இந்த எண் இல்லாமல் தேடுவது இருட்டில் கை வைப்பதற்குச் சமம். ஆண்டுதோறும் வெளிவந்த மெர்கண்டைல் நேவி லிஸ்ட் என்ற பட்டியலில் கப்பலின் பெயரைப் பார்த்தால் எண் கிடைக்கும். பொறித்த ஆண்டை ஒட்டி எந்தக் கப்பல் பட்டியலிலிருந்து மறைகிறதோ அதுவே நாம் தேடும் கப்பலாக இருக்கக்கூடும். எண் கையில் வந்துவிட்டால், அந்தக் கடைசிப் பயணத்தின் மாலுமிப் பட்டியலைக் கேட்கலாம். 1863 முதல் 1938 வரையிலான பட்டியல்களில் சுமார் 70 விழுக்காடு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல்சார் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 5 என்று முடியும் பெரும்பாலான ஆண்டுகளின் பட்டியல்கள் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வணிக வாரியத்தின் விருதுப் பதிவேடுகளுக்குக் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தை நாட வேண்டும்.

விபத்து நடந்த நாள் தெரிந்தபின், மீட்கப்பட்டவர்கள் எந்தத் துறைமுகத்தில் இறக்கப்பட்டார்கள் என்பதை அக்காலச் செய்தித்தாள்கள் சொல்லும். இங்கேதான் பெயரின் எழுத்துக்கூட்டலில் கவனம் தேவை. லண்டனில் பொறித்தவர் அயல்நாட்டுப் பெயரைத் தம் மொழிக்கு ஏற்பத் திருத்தியிருக்கலாம். ஸ்காண்டிநேவியப் பெயர்களில் உள்ள சிறப்பெழுத்துகள் சாதாரண எழுத்துகளாகியிருக்கும். ஒரே குடும்பப் பெயருடைய தலைவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்ததால், மீட்ட கப்பலின் சொந்தத் துறைமுகம் தெரியாமல் ஒருவரை உறுதிசெய்ய நான் துணிவதில்லை.

கருவி உண்மையானதா என்பதையும் பார்க்க வேண்டும். பட்டகம் பொருத்திய பைனாகுலரை ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனம் 1894இல்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவ்வகைக் கருவியில் 1880களின் பரிசு வாசகம் இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய பொறிப்பின் விளிம்புகள் கைபட்டு மழுங்கி, பள்ளங்களில் அழுக்கு உறைந்திருக்கும். தேய்ந்த மேற்பூச்சின்மீது கூர்மையாகப் பளிச்சிடும் எழுத்துகள் பிற்காலத்தவை. லண்டன் கடையின் பெயர் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், பாரிஸில் செய்த பல கருவிகளில் விற்ற கடையின் பெயரே இருக்கும். தோல் உறையைத் தனியே விற்றுவிடாதீர்கள். அதன் மூடியிலும் சில சமயம் பெயர் இருக்கும்.

என் மேசைக்கு வந்த பைனாகுலரை இருட்டறையில் வைத்து, ஒரு சிறு விளக்கின் ஒளியைக் குழாயோடு ஒட்டிச் சாய்வாக விழச் செய்து, கோணத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் படமெடுத்தேன். நேர் ஒளியில் வெறும் பித்தளையாகத் தெரிந்த இடத்தில் கப்பலின் பெயர் நிழலாக எழுந்தது. ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும் 3ஆ 8ஆ என்று விளங்கவில்லை. அந்தப் பெயருடைய கப்பல்களை ஆண்டுப் பட்டியல்களில் ஒப்பிட்டபோது, 3 என்று முடியும் ஆண்டுக்குப் பின் ஒன்று காணாமற் போயிருந்தது. அதன் எண்ணோடு மாலுமிப் பட்டியலைக் கேட்டு நியூஃபவுண்ட்லாந்துக்கு எழுதியிருக்கிறோம். உரிமையாளர் விற்பனையை நிறுத்திவைத்திருக்கிறார்.