நாள் தாண்டிய கர்ப்பமும் வலி வரவழைக்கும் மருந்துகளும்

சேர்வராயன் மலைக் கிராமமொன்றில் கர்ப்பிணிக்கு நாள் தள்ளிப்போனால், வலி வரும்வரை வீட்டிலேயே இருப்பதா, முன்னதாகவே சேலத்துக்கு இறங்கிவிடுவதா என்ற பேச்சு எழும். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டிய இடத்தில் அது சிறிய கேள்வியன்று. ஆனால் முதலில் சரிபார்க்க வேண்டியது தேதியை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள் என்னும் கணக்கு, சுழற்சி ஒழுங்கற்றவர்களுக்கும் அந்த நாளை மறந்தவர்களுக்கும் பிசகிவிடும். முதல் மூன்று மாதங்களுக்குள் எடுத்த ஸ்கேன் கையில் இருந்தால், நாள் தாண்டியதாக அஞ்சப்படும் கர்ப்பங்களில் சில உண்மையில் தாண்டாதவை என்பது தெரிந்துவிடும்.

தாண்டியது உறுதியானால், 41 வாரம் நிறைந்ததும் வலியைத் தூண்டலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதன்பின் பனிக்குட நீர் குறையலாம், குழந்தை உள்ளேயே மலம் கழிக்கலாம். வயிற்றிலேயே குழந்தை இறக்கும் அபாயம், அளவில் சிறிதே எனினும், வாரந்தோறும் ஏறுகிறது.

எல்லாவற்றையும் 'வலி ஊசி' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் வேலை இரண்டு. மூக்கு நுனிபோல் விறைத்திருக்கும் கர்ப்பப்பை வாய் உதடுபோல் இளக வேண்டும். அதன் பிறகே கர்ப்பப்பை சுருங்கிப் பயனுண்டு. வாயின் இளக்கம், விரிவு, நீளம், அது நோக்கும் திசை, குழந்தையின் தலை இறங்கிய அளவு ஆகிய ஐந்தையும் மதிப்பெண்ணாக்கும் முறையை பிஷப் என்ற மருத்துவர் 1964-இல் வகுத்தார். மதிப்பெண் குறைவாக இருந்தால், வாயிலுள்ள கொலாஜன் இழைகளைத் தளர்த்தும் புரோஸ்டாகிளாண்டின் ஜெல்லோ மாத்திரையோ தரப்படுகிறது, அல்லது நீர் நிரப்பிய சிறு பலூன் உள்ளே வைக்கப்படுகிறது.

கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் இரண்டாவது வேலைக்காக டிரிப்ஸில் ஏறும் ஆக்ஸிடோசின் ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன சிறிய ஹார்மோன். அதை ஏற்கும் வாங்கிகள் கர்ப்பப்பைத் தசையில் கடைசி வாரங்களில்தான் பெருகுகின்றன என்பதால், நிறைமாதத்தில் சிறிதளவே போதுமானதாகிறது. பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் சுருக்கம் வந்தால், நச்சுக்கொடிக்கு இரத்தம் திரும்ப இடைவெளியின்றிக் குழந்தையின் இதயத்துடிப்பு தளரும். அப்போது டிரிப்ஸை நிறுத்தினால் மருந்தின் வீரியம் விரைவில் அடங்கும். விழுங்கிய மாத்திரையை அப்படித் திரும்பப் பெற முடியாது. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்குத் தழும்பு கிழியக்கூடும் என்று மிசோப்ரோஸ்டால் என்ற புரோஸ்டாகிளாண்டின் வகை மாத்திரையைத் தவிர்ப்பார்கள். துடிப்பைக் கண்காணிக்கவும் உடனே அறுவை செய்யவும் வசதியுள்ள மருத்துவமனையிலேயே வலியைத் தூண்ட வேண்டும் என்பதும், மலையிலிருந்து முன்கூட்டியே இறங்குவது நல்லது என்று நான் கருதுவதும் இதனால்தான்.

ஜெல் வைத்து அரை நாளாகியும் வலி காணோமே என்று உறவினர்கள் வராந்தாவில் தவிப்பதுண்டு. தலைப்பிரசவத்தில் வாய் இளகவே ஒரு நாளோ அதற்கு மேலோ பிடிக்கலாம். வெளியே வலி தெரியாத அந்த நேரத்தில்தான் முதல் வேலை நடந்துகொண்டிருக்கிறது.