கையில் இல்லாத கஞ்சாவுக்கு வழக்கு வருமா?

ஒரே அறையில் நான்கு பேர் தங்கியிருக்கிறார்கள். பரணில் இருந்த ஒரு பையில் இரண்டு கிலோ கஞ்சா. போலீஸ் வந்தபோது அறையில் இருந்தவர் ஒருவர்தான், அவர் சட்டைப் பையிலும் எதுவும் இல்லை. வழக்கு யார் மேல் நிற்கும்?

"கையில் பிடிபட்டால்தான் கேஸ்" என்று ஒரு சாரார் நம்புகிறார்கள். "அந்த இடத்தில் இருந்தாலே முடிந்தது கதை" என்று இன்னொரு சாரார் பயப்படுகிறார்கள். இரண்டும் தவறு. முதல் நம்பிக்கையில் அசட்டையாக இருந்துவிடுபவர்களும் உண்டு. இரண்டாவது பயத்தில் வக்கீலிடம்கூட வாய் திறக்காமல் இருந்து, கைவசம் உள்ள நல்ல ஆதாரத்தை வீணாக்குபவர்களும் உண்டு.

இதற்கான சட்டம் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், எல்லோரும் என்.டி.பி.எஸ். என்கிறோம். தண்டனை அளவைப் பொறுத்தது. கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைவானது சிறிய அளவு, ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. இடைப்பட்டதற்கு 10 ஆண்டு வரை. ஆனால் அளவைப் பற்றிப் பேசும் முன், பொருள் யாருடைய வசம் இருந்தது என்பது முடிவாக வேண்டும்.

வசம் வைத்திருந்தார் என்று சொல்ல இரண்டு விஷயம் தேவை என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. பொருள் அவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்; அது அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்தும் இருக்க வேண்டும். உடம்பிலோ கையிலோ இருந்தாக வேண்டும் என்று இல்லை. ஒருவருக்கு என்ன தெரியும் என்பதை யாரும் நேரில் பார்க்க முடியாது. அதனால் சூழ்நிலைச் சாட்சியம் வருகிறது: சாவி யாரிடம் இருந்தது, வாடகை ஒப்பந்தம் யார் பெயரில், பையில் வேறு யாருடைய துணிமணி, செல்போனில் யாரோடு என்ன பேச்சு, பணம் யார் கணக்கிலிருந்து போனது.

ராஜஸ்தான் வழக்கு ஒன்றைப் பார்ப்போம். நீதிமன்றத்தின் சொத்து அறைப் பூட்டை உடைத்து, அங்கே வைத்திருந்த அபினைத் திருடிவிட்டார்கள். பிடிபட்டவரிடம் பொருள் இல்லை. காவலில் இருந்தபோது அவரே அழைத்துப்போய், சிறிய பாலம் ஒன்றின் அடியில் குழியில் புதைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். திருட்டு நடந்தது என்.டி.பி.எஸ். சட்டம் அமலுக்கு வந்த 1985 நவம்பர் 14-க்குச் சற்று முன்னால். ஆனாலும் புதைத்த இடம் தெரிந்து, வேண்டும்போது எடுக்கும் நிலையில் அவர் இருந்தார், அந்த வசம் சட்டம் வந்த பிறகும் தொடர்ந்தது என்று சொல்லி, 2015-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.

வண்டி வழக்குகளில் நூலிழை வித்தியாசம்தான். இமாச்சலப் பிரதேசத்தில் ஒரே காரில் போன ஐந்து பேர் வழக்கில், அது பொது வாகனம் அல்ல, எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், தெரியாது என்று நம்ப வைக்கும் விளக்கம் எதுவும் வரவில்லை என்று சொல்லி, 2003-இல் எல்லோருடைய தண்டனையும் உறுதியானது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த பஞ்சாப் வழக்கில் முடிவு வேறு. கசகசாக் காயின் காய்ந்த தோடு நிரம்பிய மூட்டைகள் இருந்த வண்டியில் பிடிபட்டவர்கள் அவர்கள். மூட்டை மேல் உட்கார்ந்திருந்ததை மட்டும் வைத்து வசம் இருந்ததாகக் கொள்ள முடியாது என்று விடுதலை செய்தார்கள்.

சரி, நிரூபிக்க வேண்டியது யார்? இந்தச் சட்டத்தின் 35, 54 பிரிவுகள் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, பாதகமாக ஓர் அனுமானத்தை வைக்கின்றன: பொருள் உன் வசம் இருந்தது என்றால், தெரிந்தேதான் வைத்திருந்தாய், இல்லை என்றால் நீயே காட்டு. கடுமையான விதிதான். ஆனால் அந்த அனுமானம் வழக்கின் முதல் படியில் வருவதில்லை. அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டும், எதிரி காட்ட வேண்டிய நிரூபணம் அந்த அளவுக்குக் கடுமையானது அல்ல என்று 2008-இல் நூர் ஆகா வழக்கில் தீர்ப்பு வந்தது. கீழ் நீதிமன்றங்களில் இந்த வரிசை அடிக்கடி தலைகீழாகிவிடுவதுதான் என் ஆதங்கம்.

மத்தியப் பிரதேசத்தில் ஒரு வீட்டில் 48 கிலோவுக்கு மேல் கஞ்சா எடுத்தார்கள். வீடு இவருடையது என்பதற்குப் போலீஸ் காட்டியது பழைய வாக்காளர் பட்டியல். அவரோ வீட்டை முன்பே விற்றுவிட்டதாகச் சொல்லி ஒப்பந்தத்தையும் கொடுத்திருந்தார். யாரும் போய்ச் சரிபார்க்கவில்லை. விசாரணை நீதிமன்றமும் உயர்நீதிமன்றமும் தண்டித்த பிறகு, 2020-இல் உச்ச நீதிமன்றம்தான் அவரை விடுவித்தது. ஒரு காகிதத்தைப் பார்க்காமல் விட்டதற்கு அவர் சிறையில் விலை கொடுத்தார்.

வீடு மாறினாலோ வண்டியை விற்றாலோ காகிதத்தை உடனே மாற்றுங்கள் என்று சொல்வது இதனால்தான். வாடகை ஒப்பந்தம், வங்கியில் அனுப்பிய வாடகை, ஆர்.சி. பெயர் மாற்றம் எல்லாமே நாளைக்குச் சூழ்நிலைச் சாட்சியம். வீட்டு உரிமையாளர் தெரிந்தே இடம் கொடுத்தால் 25-ஆவது பிரிவில் அவர் மேலும் வழக்கு வரும். "தெரிந்தே" என்பதை அரசுத் தரப்பு காட்ட வேண்டும்.

சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டுமே நம்பிய வழக்குக்கு 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா தீர்ப்பு வகுத்த அளவுகோல்தான் இன்றும் அடிப்படை. ஒவ்வொரு சூழ்நிலையும் தனித்தனியே முழுமையாக நிரூபணமாக வேண்டும். சேர்த்துப் பார்த்தால் சங்கிலி அறாமல் இருக்க வேண்டும். குற்றமற்றவர் என்று கொள்ள நியாயமான வழி எதையும் அது விட்டுவைக்கக் கூடாது. பரணுக்குப் போவோம். நான்கு பேரும் புழங்கும் பரண், பூட்டு இல்லாத பை, அதில் பெயர் சொல்லும் பொருள் எதுவும் இல்லை என்றால் சங்கிலி அறுந்துதான் கிடக்கிறது. அதே பையில் ஒருவரின் ஆதார் நகலும், அவர் செல்போனில் எடை, விலை பற்றிய பேச்சும் கிடைத்தால் நிலைமையே வேறு.

வாக்குமூலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்.டி.பி.எஸ். சட்டத்தின் 67-ஆவது பிரிவில் அதிகாரிகள் எழுதி வாங்கும் ஒப்புதலைத் தண்டனைக்கு ஆதாரமாக்க முடியாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில் 2020-இல் தீர்ப்பானது. ஆனால் காவலில் சொன்ன தகவலை வைத்துப் பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேராகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் சாட்சியமாகும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 23-ஆவது பிரிவில் இருக்கிறது.

வணிக அளவு என்றால் ஜாமீன் லேசில் கிடைக்காது. 37-ஆவது பிரிவின்படி, எதிரி குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்ற வேண்டும். அதனால் வாடகை ரசீது, விற்பனை ஒப்பந்தம், அன்றைக்கு வேறு ஊரில் இருந்ததற்கான டிக்கெட் போன்றவற்றை முதல் வாரத்திலேயே வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். விசாரணை முடிவில் நீதிபதி எதிரியிடமே நேரில் கேள்வி கேட்பார். அங்கே வெறுமனே "பொய் வழக்கு" என்று சொல்லிவிட்டு உட்காருவதா, பை எப்படி அங்கே வந்தது என்று விளக்குவதா என்பதை முன்கூட்டியே வக்கீலோடு பேசி முடிவு செய்யுங்கள். காவலில் இருப்பவர் எவருக்கும், வருமானம் என்னவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் குடும்பத்தார் நேரில் போயும் மனு கொடுக்கலாம்.