ஹோல்டால்: பெட்டி படுக்கைல வர்ற அந்த "படுக்கை"

ரயில்ல தூரப் பயணம் போறப்ப மெத்தை, தலகாணி, போர்வை எல்லாத்தையும் வச்சு சுருட்டி, வார் போட்டு இறுக்கிக் கட்டுற கான்வாஸ் உறைக்குப் பேருதான் ஹோல்டால். பெரியவங்க வாயில அது ஓல்டால்.

பாக்காதவங்களுக்காக கொஞ்சம் விவரமாவே சொல்றேன். காக்கி இல்லன்னா ஆலிவ் பச்சை கலர்ல முரட்டு கான்வாஸ், விரிச்சா ஒரு ஆள் நீளம் இருக்கும். தலைமாட்டுல ஒரு பெரிய பை மாதிரி தச்சிருப்பாங்க, தலகாணி அதுக்குள்ள போயிடும், கால்மாட்டுலயும் அதே மாதிரி ஒண்ணு, அதுல செருப்பு, அழுக்குத்துணி, ஈரத்துண்டுன்னு பெட்டில வைக்க மனசு வராத எல்லாம். நடுவுல மெல்லிசா ஒரு மெத்தை, மேல ஜமக்காளம், ரெண்டு பக்க மடிப்பையும் உள்ள தள்ளி மூடி, ஒருத்தர் முழங்கால அழுத்தி உருட்ட இன்னொருத்தர் தோல்வார இழுத்து பக்கிள்ல மாட்டணும், தனியாளா கட்டுனா பாதில பிரிஞ்சிரும். அந்த பழைய கான்வாஸ் வாசனை எனக்கு இன்னைக்கும் ரொம்பப் பிடிக்கும்.

சொல்லோட பொறப்பு சிம்பிள்தான். இங்கிலீஷ்ல ஹோல்ட், ஆல் ரெண்டையும் ஒட்டி 19-ஆம் நூற்றாண்டுல உண்டானது, எல்லாம் கொள்றது அப்படின்னு பொருள். பிரிட்டிஷ்காரங்க காலத்துல ராணுவம், ரயில்வே வழியா நம்ம பக்கம் பரவிச்சு. ஆனா இங்கிலாந்துல இப்ப ஹோல்டால்னா ஜிம்முக்கு தூக்கிட்டுப் போற பெரிய துணிப்பை, படுக்கைக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அதனால இப்பத்த இங்கிலீஷ் கதைய தமிழ்ல கொண்டுவர்றவங்க இந்த எடத்துல கவனமா இருக்கணும், அங்க வெறும் பைன்னு போட்டாலே போதும்.

இது ஏன் இவ்ளோ தேவைப்பட்டுச்சுன்னா, அப்ப மூணாம் வகுப்புல இருந்ததெல்லாம் மரப்பலகை. மெட்ராஸ்ல ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறினா டெல்லி போய்ச் சேர ரெண்டு ராத்திரி ஆகும், வெறும் பலகைல படுத்தா முதுகு என்னத்துக்கு ஆகும்! 1974-ல மூணாம் வகுப்பே எடுத்துட்டாங்க, ஆனா ரெண்டாம் வகுப்புலயும் பலகை தொடர்ந்துச்சு. 1977-ல ரயில்வே மந்திரியா வந்த மது தண்டவதேதான் ரெண்டாம் வகுப்பு படுக்கைக்கு ரெண்டு இஞ்ச் ஃபோம் போட வச்சவர். சாதாரண ஜனங்களுக்கு அவர் பண்ணது பெரிய உபகாரம், நான் அத மனசார சொல்றேன். மெத்தை ரயிலுக்குள்ளயே வந்துருச்சு, ஏசி பெட்டில கம்பளி, விரிப்பு, தலகாணியும் குடுத்தாங்க, அதுக்கப்புறம் வீட்டுல இருந்து மெத்தைய சுமக்கணும்னு யாருக்கு தலையெழுத்து? சக்கரம் வச்ச சூட்கேஸும் வந்ததும் ஹோல்டால் பரண்ல ஏறிடுச்சு.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? நேரா மொழிபெயர்க்கலாம்னா ஹோல்டுக்கு நம்மகிட்ட கொள் இருக்கு, "இந்தப் பைல இதெல்லாம் கொள்ளுமா"ன்னு தினமும் கேக்குறோம். ஆனா எல்லாங்கொள்ளின்னு சொல் பண்ணா கொள்ளிக்கட்டைதான் ஞாபகத்துக்கு வரும், வேண்டாம். படுக்கைச்சுருள் பரவால்ல, பாத்தா என்ன உருவம்னு புரியும், ஆனா வாரு போட்டுக் கட்டுற வேலை அதுல விட்டுப்போகுது.

எனக்குப் பிடிச்சது படுக்கைக்கட்டு. இந்திக்காரங்க ஹோல்டால பிஸ்தர்பந்த்னு சொல்வாங்க, பிஸ்தர்னா படுக்கை, பந்த்னா கட்டு, ரெண்டும் பாரசீகத்துல இருந்து வந்தது. அவங்களுக்குப் பொருந்தினது நமக்கும் அப்படியே பொருந்துது. அதவிட முக்கியம், நம்ம பேச்சுலயே இது ஏற்கனவே இருக்கு. "பொட்டி படுக்கைய கட்டிட்டு கிளம்பு"ன்னு கோவத்துல சொல்றோம்ல, அதுல பொட்டி ட்ரங்க் பெட்டி, படுக்கை இந்தச் சுருட்டின கட்டு. ஹோல்டால் வாங்க வசதி இல்லாதவங்க ஜமக்காளத்துல பாய் தலகாணிய வச்சு கயிறு போட்டுக் கட்டுவாங்க, அதுவும் படுக்கைதான். இப்ப சூட்கேஸ் மட்டும் எடுத்துட்டுப் போறவனப் பாத்தும் பெட்டி படுக்கையோட கிளம்பிட்டான்னுதான் சொல்றோம், பொருள் போயும் சொல் போகல.

எழுதுறப்ப பழைய ரயில் பயணத்தப் பத்தின்னா ஹோல்டால்னே போடுங்க, அந்தக் காலத்து ஜனங்க பேசின சொல் அது, அத அழிக்கக்கூடாது. அகராதி, பாடப்புத்தகம் மாதிரி எடத்துல படுக்கைக்கட்டு. ட்ரெக்கிங் போறவங்களோட ஸ்லீப்பிங் பேக்குக்கு மட்டும் இத போட்டுறாதீங்க, அது உள்ள நுழைஞ்சு ஜிப் போட்டுப் படுக்கிறது, அதுக்கு தூங்குபைன்னு வேற சொல்லே இருக்கு.